வெள்ளிக்கிழமைப் பயிர்

அந்த லேப்டாப் என் தோள்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். அவ்வளவு சின்னது. கீபோர்டில் இரண்டு விரலால்தான் தட்ட முடியும். பத்து விரலையும் வைத்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இரண்டாயிரங்களின் கடைசியில், சென்னையில் இருந்த எங்கள் ஆபீஸ் வெளியூர் சுற்றும் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தது. கூடவே பக்கவாட்டில் செருகிக்கொள்ள ஒரு டேட்டா கார்டு. அன்றைய வேலையின் விவரத்தை அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்பது ஆபீஸின் எண்ணம். அனுப்பினேன். மிச்ச நேரத்தில் விவசாயம் பார்த்தேன்.

என் வேலை தோல் பார்ப்பது. வெளிநாட்டு ஷூ கம்பெனிகளுக்குத் தோல் வாங்கிக் கொடுக்கிற ஏஜென்சி எங்களுடையது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எந்தத் தோல் ஷாப்பில் ஆர்டர் போட்டிருக்கிறோமோ அங்கே நான் போக வேண்டும். தோல் பதனிடுகிற தொழிற்சாலையை எங்கள் பக்கம் தோல் ஷாப் என்றுதான் சொல்வார்கள். தயாரான தோலை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து, மடித்து, விரலால் அழுத்தி, உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, சூடு போட்ட அடையாளம் எல்லாம் பார்த்து, முதல் தரம் இரண்டாம் தரம் என்று பிரித்து, பின்பக்கத்தில் என் முத்திரையைக் குத்த வேண்டும். முத்திரை விழுந்த தோல் ஷூ கம்பெனிக்குப் போகும். விழாதது போகாது. பொம்பளைப் பிள்ளை கையில் முத்திரையா என்று ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சம்பளம் இல்லை, தோலைப் பார்க்கத்தான் சம்பளம்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தோலை டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது. டியூப்லைட் எல்லா பிரவுனையும் ஒரே பிரவுனாகக் காட்டிவிடும். நேர் வெயிலும் ஆகாது, கண் கூசும். வடக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக வருகிற பகல் வெளிச்சம்தான் உள்ளதை உள்ளபடி சொல்லும். அதனால் எந்தத் தோல் ஷாப்புக்குப் போனாலும் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலும் அதன் கீழே நீள மேஜையும் இருக்கும். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். மழைக்காலத்தில் காலையில் போய் உட்கார்ந்து, ஒரு தோலைக்கூட விரிக்காமல் சாயங்காலம் பஸ் ஏறிய நாட்கள் உண்டு. மேகம் விலகும்வரை சும்மா இருப்பதும் எங்கள் வேலையில் சேர்த்திதான். மற்ற இன்ஸ்பெக்டர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் வெளியே போய் டீ குடிப்பார்கள், சிகரெட் பிடிப்பார்கள், நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். நான் எங்கே போவது? லேப்டாப்பைத் திறப்பேன்.

அப்போது பாதி ஊர் அந்த விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தது. நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் வலைத்தளத்தில் கணக்கு இருந்தால் போதும், கட்டம் கட்டமாக நிலம் கொடுப்பார்கள். உழுது விதைத்துவிட்டு, விளைகிற நேரத்துக்குத் திரும்பி வந்து அறுக்க வேண்டும். ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கணக்கு: ஸ்ட்ராபெரி சீக்கிரம், கத்தரிக்காய் கொஞ்சம் தாமதம், பூசணி அதற்கும் மேல். நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடித் தலையைத் தொங்கப் போட்டுவிடும். ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் யாராவது வந்து பூவாளியால் தண்ணீர் ஊற்றினால் மறுபடி நிமிர்ந்துகொள்ளும், அப்புறமும் அறுக்காமல் விட்டால் திரும்ப வாடும். பக்கத்து நிலத்துக்காரர் என்றால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு வாய்த்தவர்கள் என்னோடு தோல் டிப்ளமா படித்தவர்கள். ஒருத்தி மஸ்கட்டில் இருந்தாள், ஒருவன் எத்தியோப்பியாவில் இருந்தான். எல்லோரும் அவரவர் முதலாளிக்குத் தெரியாமல் ஏர் ஓட்டினார்கள். எங்கள் பாலாற்றில் வருஷம் முழுக்க மணல்தான். இந்த நிலத்தில் மட்டும் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

வீட்டில் ஆட முடியாது. வேலூரில் எங்கள் வீட்டுக்கு அந்த லேப்டாப் வந்த அன்றே அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். அம்மா நர்ஸ். டெட்டாலைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு நாற்றம்தான்.

"தோல் நாத்தம் அடிக்குதுடி. ஹால்ல வெக்காதே, பின்னால கொண்டுபோய் வை" என்றாள்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஒருநாள் நான் சாப்பாட்டு மேஜையில் பூசணிக்காய் அறுத்துக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நம்ம குடும்பத்துல யாரும் ஏர் புடிச்சதில்ல. நீயாவது புடி" என்றார். அப்பா கேலி செய்கிறாரா கோபிக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. எதற்கு வம்பு என்று வீட்டில் அதைத் திறப்பதை விட்டுவிட்டேன். வீட்டுப்படி இறங்கிய பிறகுதான் நான் விவசாயி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஆடினேன். அம்மாவின் ஷிஃப்ட் முடியக் காத்திருக்கும்போது ஆஸ்பத்திரி கேண்டீனில் ஆடினேன். மற்றபடி வடக்கு ஜன்னல்கள்.

மேல்விஷாரத்துத் தோல் ஷாப்பில் சுவர் தடிமன், சிக்னல் வராது. முதல் தடவை போனபோது திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த ஷாப்பின் சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா மேடம், ஆண்டனா ஏதாவது கட்டணுமா?"

"நெட்டு வரல பாய்."

"ஜன்னலாண்ட வாங்க. எங்க ஆளுங்க எல்லாம் அங்க நின்னுதான் போன் பேசுவானுங்க."

ஜன்னலோரம் போனதும் சிக்னல் வந்தது. வெளிச்சமும் அங்கேதான், நெட்டும் அங்கேதான். அதற்கப்புறம் மேஜையின் அந்த மூலை என் இடமாகிவிட்டது.

பாய்க்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். சொந்த ஊரே மேல்விஷாரம்தான். தன் கதையைக் கேட்காமலே சொல்கிறவர். சுண்ணாம்புக் குழியில் வேலைக்குச் சேர்ந்தவர். பச்சைத் தோலை முடி கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுகிற இடம் அது. ஷாப்பிலேயே மோசமான வேலை. கைத்தோல் வெந்து உரியும். நாற்றம் எத்தனை தடவை குளித்தாலும் உடம்பை விட்டுப் போகாது. அங்கிருந்து, தோலைச் சாயத்தோடு சுழற்றுகிற டிரம்முக்கு வந்து, சாயம் போடக் கற்றுக்கொண்டு, கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ரூமுக்கு வந்து சேர்ந்திருந்தார். தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதோரம் அத்தர்.

"என் பொண்ணு இப்ப மடியில உக்கார்றா மேடம்" என்று ஒருநாள் சொன்னார். "சுண்ணாம்புல இருந்தப்ப கிட்டயே வராது. நாத்தம்னு ஓடிப்பூடும். எம்மாம் சோப்பு போட்டாலும் கண்டுபுடிச்சிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சம்பளம் கூடியதைவிட அந்த மடி விஷயம்தான் அவருக்குப் பெரிய பிரமோஷன் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு மழைநாளில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் அது, ஆடா?"

"ஆடுதான் பாய்."

"தோல் நல்லா இருக்குது. ஒரு கீறல் இல்ல" என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கே அவருடைய ரூம் கம்ப்யூட்டரில் அவருக்கும் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்து, என் நிலத்துக்குப் பக்கத்து நிலமாகச் சேர்த்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் என்னை மிஞ்சிவிட்டார். எந்தப் பயிர் எத்தனை மணிக்கு விளையும் என்று விரல் நுனியில் வைத்திருந்தார். டிரம் வேலையும் அப்படித்தானே, எதை எப்போது போட்டு எப்போது எடுப்பது என்ற கணக்குத்தான். ஷாப்புக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கம்ப்யூட்டர் கிடையாது என்பதால், வியாழக்கிழமை போகும்போது சனிக்கிழமை விளைகிற பயிராகப் பார்த்துப் போட்டுவிட்டுப் போவார்.

எங்கள் ஆபீஸில் ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. தோல் ஷாப்காரர்களிடம் இன்ஸ்பெக்டர் எதையும் வாங்கக் கூடாது. சாப்பாடுகூட நம் டப்பாதான். ரம்ஜானுக்குப் பாய் வீட்டில் இருந்து பிரியாணி கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான் தொடவில்லை. வாசனை மூக்கைத் துளைத்தது, ஆனாலும் தொடவில்லை.

"பிரியாணி தின்னா லஞ்சமா மேடம்? எங்க வீட்ல செஞ்சது" என்றார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"ரூலு பாய். உங்களுக்கு மட்டும் மாத்த முடியாது."

மறுநாள் விளையாட்டைத் திறந்தால் என் நிலத்தில் ஒரு மாடு நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் பரிசு என்று அதன் மேல் எழுதியிருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு மாமரம். பிறகு இரண்டு ஆடு. ஆபீஸ் சட்டத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, வாங்கிக்கொண்டேன். தோல் ஷாப்காரர் ஒருவர் மாட்டை உயிரோடு பரிசு கொடுத்தது எனக்குத் தெரிந்து அங்கே மட்டும்தான். பதிலுக்கு நானும் அவருடைய கத்தரிக்காய்க்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். நேரில் பார்த்தால் தோல், தரம், கலர் என்று தொழில் பேச்சுத்தான். மற்றதெல்லாம் பூவாளியில் நடந்தது.

அந்த ஷாப்பில் இன்னும் இரண்டு வழக்கங்களைச் சொல்லிவிட வேண்டும். டிரம் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார்கள், எந்நேரமும் ஈரம் சொட்டும். அந்தக் காலோடு ஏசி ரூமுக்குள் வரக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிடக்கிற மிதியடியோடு நின்றுவிட வேண்டும். இன்னொன்று ஜெனரேட்டர். டீசல் வீணாகப் போகிறது என்று முதலாளி ஜெனரேட்டர் சாவியைச் சூப்பர்வைசர் பொறுப்பில் கொடுத்திருந்தார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஆள் பாயிடம் வந்து சாவி வாங்கிக்கொண்டு போய்த்தான் ஓட்ட வேண்டும். அந்த வருஷங்களில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது, அதனால் சாவி பாய் இடுப்பிலேயே தொங்கும். இரண்டு வழக்கமும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தன.

அந்தச் சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து சில நாள் வீட்டில் படுத்திருந்தேன். எழுந்ததும் மேல்விஷாரத்தில் இருந்து போன், பிரவுன் லாட் தயார் என்று. பெரிய ஆர்டர் அது, அவசர ஆர்டரும்கூட. ஆம்பூரில் ஷூ தைக்கிற கம்பெனி அந்தத் தோலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தலைசுற்றலோடு பஸ் ஏறிப் போனேன். வானம் மூடிக் கிடந்தது. தோலை எல்லாம் மேஜைக்குப் பக்கத்தில் குதிரை மாதிரியான மரச்சட்டங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பாய் வந்தார். ஆடு, மாடு, பூசணி எதைப் பற்றியும் பேச்சு இல்லை. மேஜையைத் துடைத்த துணியாலேயே திரும்பத் துடைத்தார்.

"டியூப்லைட் போடச் சொல்லட்டுமா மேடம்? மானம் தெளியற மாதிரி தெரியல."

எத்தனையோ மழைநாள் அந்த ஜன்னலில் காத்திருந்திருக்கிறோம். ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று அவருக்கே தெரியும்.

"வேணாம் பாய். இருக்கறேன்" என்றேன்.

அவர் போகவில்லை, உட்காரவும் இல்லை. லேப்டாப்பைத் திறக்க எனக்கும் மனம் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் மேகம் கொஞ்சம் கிழிந்து, ஜன்னலில் வெளிச்சம் வந்தது. முதல் தோலை விரித்தேன். பிரவுன் மேலேயே இன்னொரு பிரவுன் திட்டுத் திட்டாகக் கிடந்தது, சிந்தின டீயைத் துடைக்காமல் விட்ட மாதிரி. இரண்டாவதை விரித்தேன். மூன்றாவதையும் விரித்தேன். ஒன்றின் நிறம் ஒன்றில் இல்லை.

சாயம் போடும்போது டிரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அடியில் கிடக்கிற தோல் சாயத்தை முழுக்கக் குடித்துவிடும், மேலே கிடப்பது பட்டினி கிடக்கும். படித்தவர்கள் யாரும் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும்.

"டிரம் நின்னுதா பாய்?"

"நின்னுது மேடம்."

"சாவி?"

"என்னாண்டதான் இருந்துது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கரண்ட் போனது எனக்குத் தெரியல மேடம். ரூம்ல பெரிய இன்வெர்ட்டர் இருக்குது, லைட்டும் நிக்கல, ஏசியும் நிக்கல, கம்ப்யூட்டரும் நிக்கல. ஜெனரேட்டர்காரன் ஓடியாந்து கண்ணாடிக்கு வெளிய நின்னுட்டான். கால்ல பூட்ஸு. உள்ள வரக் கூடாதுன்னு நான்தான் அவனுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். கைய ஆட்டிக்கினே நின்னிருக்கான். நான் முதுகக் காட்டிக்கினு உக்காந்திருந்தேன்."

"கதவத் தட்டலியா?"

"தட்டினானாம். ஏசி சத்தம், காதுல விழல."

அவரே சொன்னார்:

"உங்க பூசணிதான் மேடம். நீங்க வரவே இல்ல, மொத்தமும் வாடிக் கெடந்துது. பாக்கவே பேஜாரா இருந்துது. ஒவ்வொண்ணா ஊத்திட்டிருந்தேன்."

அதை அவர் குற்றம் சொல்வதாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் காய்ச்சல் திரும்ப வந்துவிட்டதுபோல் உடம்பு கொதித்தது.

"ரெண்டாம் தரத்துல போட்டுக் குடுத்துடுங்க மேடம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இல்லன்னா முதலாளி என்ன மறுபடி சுண்ணாம்புக்கே அனுப்பிடுவாரு. லாயக்கில்லாத ஆளுன்னு சொல்லிடுவாரு. உங்க கையிலதான் இருக்குது."

முத்திரை மேஜையில்தான் இருந்தது. நான் அந்தத் தோல் போகப் போகிற இடத்தை நினைத்தேன். ஆம்பூரில் வரிசையாக உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்கள் எனக்குத் தெரிந்தவர்கள். இடது காலுக்கு ஒரு நிறம், வலது காலுக்கு ஒரு நிறம் என்று ஜோடி சேராமல் வந்தால், கடைசியில் திட்டு அவர்களுக்குத்தான் விழும். முத்திரை குத்தியவளைத் தேடி யாரும் மேல்விஷாரத்துக்கு வர மாட்டார்கள்.

"முடியாது பாய்" என்றேன். "கறுப்பா அடிச்சிடுங்க. வேற ஆர்டருக்காவது ஆகும்."

எந்தத் தோல் ஷாப்பிலும் கெட்டுப்போன கலருக்குக் கடைசிப் புகலிடம் கறுப்பு. தோல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஆர்டர் பிரவுன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆபீஸுக்குக் 'கலர் சீராக இல்லை' என்று மட்டும் எழுதினேன். பூசணியைப் பற்றி எழுதவில்லை. பாய் நினைத்திருந்தால் பழியை ஜெனரேட்டர்காரர் தலையில் கட்டியிருக்கலாம். அவர் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. பாய் அப்படிச் செய்யவில்லை. நேராக முதலாளியிடம் போய், கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தேன், சாவி என்னிடம்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார். நான் கிளம்பும்போது முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

"உன் வேலைய நீ பாத்தேம்மா. அவன் வேலைய அவன் பாக்கல" என்றார். அவ்வளவுதான்.

நான் செய்தது சரி. இன்றைக்கும் அந்தத் தோல் என் மேஜைக்கு வந்தால் முத்திரை குத்த மாட்டேன். சரியானதைச் செய்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஐயர் பிரசங்கம் செய்வார். எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளைச் சட்டையும் அந்தச் சின்னப் பெண்ணும் கண்ணுக்குள்ளேயே நின்றார்கள்.

பாய் சுண்ணாம்புக் குழிக்குப் போய்விட்டார் என்று அடுத்த வாரம் கேள்விப்பட்டேன். ஏசி ரூம் கம்ப்யூட்டரையும் முதலாளி தன் ரூமுக்கு எடுத்துக்கொண்டாராம். நான் விளையாட்டைத் திறந்து பாய் நிலத்தைப் பார்த்தேன். கத்தரிக்காய் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றப் பூவாளியை எடுத்தேன். ஊற்றவில்லை. அவரை அங்கே அனுப்பிவிட்டு இங்கே அவர் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் ஊற்றுவதா? எனக்கே அருவருப்பாக இருந்தது. மூடி வைத்துவிட்டேன். அதன் பிறகு காத்திருக்கிற நேரத்தில் வாரப் பத்திரிகை படித்தேன். மஸ்கட்காரி, என்னடி ஆளையே காணோம் என்று கேட்டு எழுதினாள். வேலை ஜாஸ்தி என்று பதில் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஷிஃப்ட் முடிய நேரமாகும் என்று சொல்லியனுப்பினாள். கேண்டீனில் உட்கார்ந்தேன். படிக்கக் கையில் ஒன்றும் இல்லை. நிலம் முழுக்கக் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், ஒரேயடியாக உழுது போட்டுவிட்டுக் கணக்கையே மூடிவிடலாம் என்று நினைத்துத் திறந்தேன்.

நிலம் பச்சையாக இருந்தது. நான் விட்டுவிட்டு வந்த பூசணி அத்தனையும் நிமிர்ந்து நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் வந்து தண்ணீர் ஊற்றினார் என்று எழுதியிருந்தது, பாயின் கணக்கில் இருந்து. முந்தின நாள் மத்தியானம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும். அதற்கு முந்தினதும். பாய் நிலத்தைப் போய்ப் பார்த்தேன். அவருடைய கத்தரிக்காய் அப்படியே காய்ந்து கிடந்தது. தன் நிலத்தை அவர் தொடவே இல்லை.

"கண்ணு ஏன் செவந்திருக்குது?" என்று அம்மா வந்து கேட்டாள். நர்ஸ் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "தூசு" என்றேன். நம்பவில்லை, ஆனால் தோண்டித் துருவவும் இல்லை.

அடுத்த லாட்டுக்கு மேல்விஷாரம் போனேன். ஏசி ரூமில் புதுச் சூப்பர்வைசர். ஜன்னலோரம் என் மூலை அப்படியே இருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்ததால் வேலை வேகமாக நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், தோல் பார்க்கிற ஹாலின் வாசற்படிக்கு வெளியே பாய் நின்றிருந்தார். முழங்கால்வரை பூட்ஸ், இடுப்பில் ரப்பர் துணி, கையெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. ஈரக் காலோடு உள்ளே வரக் கூடாது என்று அங்கேயே நின்றுவிட்டார். கூப்பிடவும் இல்லை. நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து வெளியே போனேன். கிட்டப் போனதும் அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதீங்க மேடம், நாத்தம்."

"நானும் தோல் ஷாப்லதான் பாய் இருக்கேன். எங்க அம்மா என்னையே ஹால்ல வெக்க மாட்டேங்கறா" என்றேன்.

சிரித்தார். உடம்பு எப்படி இருக்கிறது, காய்ச்சல் போய்விட்டதா என்று கேட்டார். அது என்றைக்கோ வந்த காய்ச்சல். நான்தான் கேட்க முடியாமல் தவித்துவிட்டுக் கேட்டேன்:

"என் நிலத்துக்கு எதுக்கு பாய் இன்னும் தண்ணி ஊத்தறீங்க?"

"நான் எங்க ஊத்தறேன்? என் பொண்ணு ஊத்துது."

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கிழமை லீவாச்சே மேடம். காலையில நல்லா சோப்பு போட்டு, எலுமிச்சம்பழம் தேச்சுக் குளிச்சிட்டு, தொழுகை முடிச்சிட்டு, அதக் கூட்டிக்கினு பஜார்ல பிரௌசிங் சென்டருக்குப் போவேன். அவன் ஒரே ஒரு நாற்காலிதான் குடுப்பான். ஆடணும்னா மடியில உக்காந்துதான் ஆவணும்." வெளுத்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு ஒரு நாள்தான் உக்காருது மேடம்."

"உங்க நிலத்துல ஊத்தலாமே பாய்?"

"அதுல கத்தரிக்காய்தான். பொண்ணுக்குப் புடிக்கல. உங்க பூசணிதான் வேணுமாம். வாடிக் கெடக்கறது தண்ணி ஊத்தினதும் டக்குனு எழுந்துக்குது பாருங்க, அதப் பாத்து ஒரே சிரிப்பு." பிறகு தயங்கினார். "போன வாரம் போனா எல்லாம் அறுத்து எடுத்துட்டீங்க போல. நிலம் வெறும் நிலமா இருந்துது. ஊத்த ஒண்ணும் இல்ல. பொண்ணு சீக்கிரமா மடிய உட்டு எழுந்து பூடுச்சு."

கேண்டீனில் அன்றைக்கு, நிமிர்ந்து நின்ற பூசணியை எல்லாம் நான்தான் அறுத்து எடுத்திருந்தேன். விளைந்ததை அறுக்காமல் விடக் கூடாது என்ற பழக்கம். உள்ளே யாரோ பாயைக் கூப்பிட்டார்கள். "வர்றேன் மேடம்" என்று போய்விட்டார்.

அன்றைக்குப் புதன்கிழமை. வேலை முடிந்து பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தேன். இன்றைக்கு விதைத்து, நாளைக்கு விளைந்து, அறுக்காமல் விட்டால் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குச் சரியாக வாடுகிற பயிர் எது என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தேன். ரங்காபுரம் ஸ்டாப் வருவதற்குள் நிலம் முழுக்கப் பூசணி விதைத்து முடித்தேன். வியாழக்கிழமை எல்லாம் நன்றாக விளைந்திருந்தது. நான் அறுக்கவில்லை.